தேசியக் கல்வி வலையமைப்பு என்றால் என்ன? ஏன் தனியாக வேண்டும்?

பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் இணைக்கும் அதிவேகக் கண்ணாடியிழைப் பாதைதான் இது. இந்தியாவில் 2010-இல் ஒப்புதல் பெற்ற தேசிய அறிவு வலையமைப்பு அப்படிப்பட்டது.

சரி, ஏன் தனியாக? வீட்டு இணையம் பெரும்பாலும் பலர் பகிர்ந்துகொள்வது. ஆய்வாளருக்கோ மரபணுத் தரவு, வானிலைக் கணிப்பு என்று பெரிய கோப்புகள் இருபக்கமும் தடையின்றி ஓட வேண்டும்.

வடிவமைப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது மாற்றுவழி. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும்போது மார்த்தாண்டத்தில் நெரிசல் என்றால் குளச்சல் வழியாகப் போகிறோம் இல்லையா? அதேபோல மைய இடங்களுக்கிடையே ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் போடுவார்கள். ஒரு கேபிள் அறுந்தாலும் தரவு வேறுவழியில் போய்ச்சேரும். ஆனால் இரண்டையும் ஒரே பள்ளத்தில் புதைத்துவிட்டால், சாலைப்பணிக்குத் தோண்டும்போது சேர்ந்தே அறுந்துவிடும்.

பலர் நினைப்பதுபோல இது இணையத்திலிருந்து துண்டிக்கப்பட்ட தனித்தீவு அல்ல. இதன் வழியாக வழக்கமான இணையத்துக்கும் போகலாம்.