மெக்கல் குருத்தெலும்புதான் கீழ்த்தாடையாக மாறுகிறதா?

மாறாது; 'மாறும்' என்ற உங்கள் விடை தப்பு. கருவில் முகமும் கழுத்தும் உருவாகும் வளைவுகளில் முதலாவதற்குள் கோல்போலத் தோன்றுவதுதான் மெக்கல் குருத்தெலும்பு. கீழ்த்தாடையின் உடற்பகுதி மெக்கல் குருத்தெலும்புக்கு வெளிப்பக்கமுள்ள சவ்வில் நேரடியாக எலும்பாகிறது. கரு 6-ஆவது வாரத்தில் இருக்கும்போது, கீழ்ப்பல் நரம்பு இரண்டாகப் பிரியும் இடத்தில் (பின்னாளில் தாடையிலிருந்து நரம்பு வெளிவரும் மென்டல் துளை அமைவதும் அங்கேதான்) முதல் எலும்புப் புள்ளி விழும்.

"இரண்டும் முதல் வளைவுதானே, என் விடை ஏன் தப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். சிக்கலே அங்கேதான். 'முதல் வளைவிலிருந்து' என்பதும் 'முதல் வளைவின் குருத்தெலும்பிலிருந்து' என்பதும் ஒன்றல்ல. அந்தக் குருத்தெலும்பு பெரும்பாலும் கரைந்துவிடும். அதன் பின்முனை காதுக்குள் சுத்தி எலும்பாகவும் பட்டடை எலும்பாகவும் மிஞ்சும். தாடைக்கும் காதுக்கும் அப்படியொரு உறவு!

ஹெச் அண்ட் ஈ (ஹெமடாக்சிலின், இயோசின்) சாயமிட்ட, கருவின் தலையை முகத்துக்கு இணையாக வெட்டிய கரோனல் வெட்டு ஸ்லைடு கிடைத்தால் பாருங்கள். நாக்குக்குக் கீழே இருபுறமும் நீலம் பாய்ந்த வட்டம் தெரியும், அது மெக்கல். அதற்கு வெளியே இளஞ்சிவப்பில் கிளைகிளையாகத் தெரிவது தாடை எலும்பு. இரண்டும் ஒட்டியிருக்காது.

ஆனால் "கீழ்த்தாடை முழுக்கச் சவ்வுவழி" என்றும் எழுதிவிடாதீர்கள். மூட்டுத் தலைப்பகுதி தனியாகப் பிறகு தோன்றும் இரண்டாம்நிலைக் குருத்தெலும்பிலிருந்து வளர்கிறது. தாடை முன்னால் இணையுமிடத்தில் மெக்கலின் சிறு துண்டும் எலும்பாவதுண்டு.