ஆசாரியின் நூலும் பிளைவுட்டின் மில்லிமீட்டரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். இரண்டு பேர் நின்று விளையாடுகிற ஆர்கேட் கேம் பெட்டி ஒன்றை வீட்டிலேயே செய்து முடித்திருக்கிறேன். ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினிப் பலகை, பழைய 19 அங்குல எல்சிடி மானிட்டர், 18 மி.மீ. பிளைவுட். ஓரங்களுக்கு, இடித்த வீட்டில் கிடைத்த பர்மா தேக்கு. செய்முறையைத் தமிழில் எழுதி இணையத்தில் போட நினைக்கிறேன். முந்நூறு போட்டோ இருக்கிறது. எதை எழுதுவது, எதை விடுவது? மெமரி கார்டை அப்படியே நகலெடுத்துப் பகிரலாமா? முதல் பட்டன் பலகையில் பட்டன்கள் நிற்கவில்லை, தூக்கிப்போட்டுவிட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டுமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தூக்கிப்போட்ட பலகையைக் கட்டாயம் எழுதுங்கள். உங்களைப் பார்த்துச் செய்யப்போகிறவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் உதவும். 30 மி.மீ. துளையில் அழுத்திப் பொருத்தும் பட்டனின் பக்கவாட்டுக் கொக்கி, மெல்லிய தகட்டின் பின்பக்கம் விரிந்து பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. 18 மி.மீ. மரத்துக்குள் அது விரிய இடமில்லை, அதனால் அழுத்த அழுத்த மேலே வந்துவிடும். ஜாய்ஸ்டிக்கையும் அதே பலகையின் அடியில் திருகினால் தண்டு மேலே குட்டையாக நிற்கும். வழி இரண்டு. பட்டன் பகுதிக்கு மட்டும் 2 மி.மீ. உலோகத் தகடு போடலாம். அல்லது நீண்ட மரையும் நட்டும் உள்ள பட்டனை வாங்கலாம். அதற்குத் துளை ஒன்றே அரைக்கால் அங்குலம், அதாவது 28.6 மி.மீ. நீங்கள் எந்த வழியில் போனீர்கள், துளை என்ன அளவு என்று எழுதுங்கள். துளைவாளை ஒரே பக்கமாக ஓட்டினால் அடிப்பக்கம் பிளைவுட் பிய்யும். நடு ஊசி மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் பலகையைத் திருப்பி, அங்கிருந்து முடிக்க வேண்டும். இந்த ஒரு வரி பலருடைய பலகையைக் காப்பாற்றும்.

அடுத்தது அளவு. நம் பக்கத்து ஆசாரிகள் அங்குலத்திலும் நூலிலும் பேசுகிறார்கள். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். கடையில் ‘முக்கால் இஞ்ச் பிளைவுட்’ என்று கேட்டால் 18 மி.மீ. பலகையும் வரும், 19 மி.மீ. பலகையும் வரும். ஆறு நூல் என்பது கணக்குப்படி 19.05 மி.மீ. பெட்டியின் வெளி அகலம் 600 மி.மீ. என்று வையுங்கள். 18 மி.மீ. பலகையில் உள் அகலம் 564, 19 மி.மீ. பலகையில் 562. படத்தைப் பார்த்து 564க்கு அறுத்த மானிட்டர் தாங்கி உள்ளே இறங்காது. ஆகவே வரைபடத்தில் இருந்த எண்ணைப் போடாதீர்கள். செய்து முடித்த பெட்டியை இன்னொரு முறை அளந்து, மில்லிமீட்டரிலும் நூலிலும் எழுதுங்கள். பலகையின் கனத்தை வெர்னியரில் பார்த்துத் தனியாகக் குறியுங்கள். 8க்கு 4 அடி பலகையில் எந்தத் துண்டு எங்கே என்ற வெட்டுப்படம் போடும்போது, ஒவ்வொரு அறுப்புக்கும் ரம்பம் தின்னும் 3 மி.மீ.யை விட்டுப் போடுங்கள்.

தேக்கு ஓரம் பார்க்க அழகாகத்தான் இருக்கும். படிக்கிறவர் முழுப் பெட்டியையும் பழைய தேக்கில் செய்யக் கிளம்பிவிடாமல் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அகலமான கட்டைப் பலகை மழைக்காலத்தில் குறுக்குவாட்டில் விரியும், வெயிலில் சுருங்கும். பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் அது அவ்வளவாக அசையாது. பழைய மரத்தில் முறிந்த ஆணி ஒளிந்திருக்கும், காந்தம் வைத்துத் தடவிய பிறகே ரம்பத்தில் கொடுக்க வேண்டும்.

வயரிங்கை டேக் போட்டுக் கட்டுவதற்கு முன் எடுத்த போட்டோ இருந்தால் அதைப் போடுங்கள். போட்டோ மட்டும் போதாது. பட்டன், வயர் நிறம், என்கோடரில் (பட்டன் அழுத்தலைக் கணினிக்குச் சொல்லும் சின்னப் பலகை) எந்தச் சாக்கெட் என்று ஓர் அட்டவணை வேண்டும். மைக்ரோசுவிட்சில் மூன்று முனை இருந்தால் பொதுமுனையிலும் ‘நார்மலி ஓப்பன்’ முனையிலும் இணைக்க வேண்டும். ‘நார்மலி குளோஸ்டு’ முனையில் இணைத்தால், கையை எடுத்திருக்கும்போது பட்டன் அழுந்தியதாகவே பதிவாகும். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி யுஎஸ்பி என்கோடர் இரண்டு வைத்திருந்தால், சில நேரம் அணைத்துப் போட்டதும் முதல் ஆட்டக்காரர் இரண்டாமவர் ஆகிவிடுவார். இரண்டும் ஒரே பெயரைச் சொல்வதால், எது முதலில் விழிக்கிறதோ அதற்கு முதல் எண் கிடைக்கிறது. யுஎஸ்பி போர்ட்டை வைத்து அடையாளம் காணும் விதியை எழுதினால் சரியாகும். நீங்கள் எழுதிய விதியை வரி மாறாமல் கொடுங்கள்.

மெமரி கார்டு நகலைப் பகிர வேண்டாம். அதில் கேம்களின் ரோம் (ROM) கோப்புகளும், அதாவது கேம்களின் நகல்களும், போகும், அவை பிறருடைய காப்புரிமை. பழைய ஆர்கேட் கேம்களைக் கணினியில் ஓட்டும் மேம் (MAME) எமுலேட்டர் 2016 முதல் கட்டற்ற உரிமத்தில் இருக்கிறது. கேம்களுக்கு அது பொருந்தாது. கன்ஃபிக் கோப்புகளையும் பட்டன் அமைப்புக் கோப்பையும் மட்டும் போடுங்கள், மென்பொருளின் பதிப்பு எண்ணோடு.

கரண்ட் சட்டென்று போனால் கார்டு கெடலாம். அதனால் பையின் 5, 6ஆம் பின்களுக்கு நடுவே ஒரு பட்டன் வைத்து, கன்ஃபிக் கோப்பில் ஜிபிஐஓ ஷட்டவுன் (gpio-shutdown) வரியைச் சேர்த்தால், முறையாக நிறுத்தவும் மறுபடி எழுப்பவும் அதுவே போதும். பவர் 5.1 வோல்ட், 3 ஆம்பியர். மெலிந்த கேபிள் போட்டால், வோல்ட் குறைகிறது என்று திரையில் மின்னல் குறி வரும். 80 டிகிரியைத் தொட்டால் பை தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பின்பலகையில் கீழே ஒரு வரிசைத் துளை, மேலே ஒரு வரிசைத் துளை விட்டு, சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு எத்தனை டிகிரி என்று பார்த்து எழுதுங்கள். அந்த எண் நம் ஊருக்கு மட்டுமே கிடைக்கிற எண்.

உங்கள் 19 அங்குல மானிட்டர் 1280க்கு 1024 என்றால் அது 5:4. பழைய 4:3 கேம் மேலும் கீழும் 32 வரி கறுப்போடு வரும். அது கோளாறு அல்ல என்று சொல்லிவிடுங்கள். 1980இல் வந்த பேக்-மேன் நெட்டுக்குத்தான திரைக்கானது. அதற்காகச் சாதாரண டிஎன் (TN) வகை எல்சிடி திரையைத் திருப்பி வைத்தால், ஒரு பக்கம் நிற்பவருக்கு நிறம் மங்கித் தெரியும்.

முந்நூறு போட்டோவில் இருபத்தைந்து போதும். ஒவ்வொன்றிலும் ஸ்டீல் ஸ்கேல் ஒன்று கிடக்கட்டும். விலைகளை வாங்கிய மாதம், ஆண்டோடு எழுதி, வீணான பலகையின் விலையையும் சேருங்கள். யாராவது செய்து பார்த்து ஓர் அளவு தவறு என்று சொன்னால், பழைய எண்ணை அழிக்காமல் அடித்துவிட்டு, பக்கத்தில் தேதியோடு புதிய எண்ணைப் போடுங்கள். அதற்குள் பலகையை அறுத்துவிட்டவர் எங்கே பிசகியது என்று அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்.

அன்புடன்,
ஆசிரியர்