செட்டிநாட்டு வீட்டுக்கும் வயலுக்கும் எந்த மின்சாரம்? கேள்வி பதில்

காரைக்குடி வட்டாரத்தில் இருபது வருடமாகச் சோலார் அமைத்துத் தருகிறேன். கேட்பதற்கு முன் கடைசி ஆறு கரண்ட் பில்லை எடுத்து வையுங்கள். ரெண்டு மாதத்துக்கு ஒன்று வருவதால் ஆறு சேர்ந்தால் ஒரு வருடக் கணக்கு.

கானாடுகாத்தான் ஆச்சி: பெரிய வீட்டுக் கூரையில் பேனல் போடலாமா? முகப்புப் பக்கம் பூட்டிக் கிடக்கிறது. நானும் மகனும் பின்கட்டில் இருக்கிறோம்.

ஆச்சி, நாட்டு ஓட்டின்மேல் வேண்டவே வேண்டாம். ஆள் ஏறினாலே காலடியில் சடக்கென்று விரியும். ஐப்பசி மழையில் தேக்கு உத்தரத்தில் கறுப்பாகக் கறை இறங்கும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும். பின்கட்டில் பிற்பாடு போட்ட கான்கிரீட் தளம் இருந்தால் அங்கே போடலாம். அதற்கும் முன்னால் பங்காளிகள் எல்லாரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நான் மாட்டிக் கொடுத்த பேனலைப் பங்குத் தகராறில் நானே கழற்றியிருக்கிறேன், மனசு ஆறவில்லை. இன்னொன்று: தளத்தில் காலை 9, பகல் 12, மாலை 3 மணிக்கு நிழல் விழும் ஓரத்தைக் கோலமாவால் கோடு போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

தேவகோட்டை: மாடியில் சின்னக் காற்றாலை?

வேண்டாம். காற்றாலையைச் சுற்றும் பலத்த காற்று தமிழ்நாட்டில் பெரும்பாலும் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி போன்ற கணவாய்கள் வழியாக வருவது. நம் ஊர் அந்தத் தடத்தில் இல்லை.

கோட்டையூர்: எத்தனை கிலோவாட் போடலாம்?

ஆறு பில் எங்கே? ரெண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் ஓடும் வீடென்றால் அவசரமே இல்லை, இலவச யூனிட் போகக் கட்டுவது கொஞ்சம்தான். ஏசி, மோட்டார் என்று 500 தாண்டினால் பேசலாம். ஒரு கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும், ஐப்பசி கார்த்திகையில் குறையும். இடம் 100 சதுர அடி வேண்டும். 2024-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3-க்கும் அதற்கு மேலும் 78,000 மானியம். மானியத்துக்காகத் தேவைக்கு மேல் போடாதீர்கள். கூரையைப் பார்க்காமல் விலை சொல்பவரிடம் கையெழுத்தும் போடாதீர்கள்.

பள்ளத்தூர்: கரண்ட் போனால் சோலார் ஓடுமா?

பேட்டரி இல்லாவிட்டால் ஓடாது. பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும்; இல்லாவிட்டால் அந்தக் கரண்ட் லைனுக்குள் போய், கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து.

கல்லல்: ரெண்டு மாடு இருக்கிறது. சாண எரிவாயு?

ஒரு கன மீட்டர் வாயுவுக்கு 25 கிலோ சாணம் வேண்டும். மாடு ஒன்றுக்கு 10 கிலோ என்றாலும், மேய்ச்சலுக்குப் போகிற மாடு பாதியை வயலில் போட்டுவிடும். மாட்டைக் கட்டிப்போட்டு வளர்த்தால் மட்டும் எரிவாயுக் கலன் கட்டுங்கள்.

புதுவயல்: சீமைக் கருவேலத்தை வெட்டி எரித்து மாவட்டத்துக்கே மின்சாரம் எடுக்கலாமே அண்ணே? மரமும் ஒழியும்.

காளையார்கோவில்: ஒழிந்தால் கரிமூட்டம் போடுகிற நாங்கள் என்ன செய்வது?

ரெண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். 1 மெகாவாட் ஆலை இரவு பகலாக ஓடினால் 24,000 யூனிட். யூனிட்டுக்கு ஒன்றேகால் கிலோ காய்ந்த விறகு என்றால் நாளுக்கு 30 டன், அதாவது பத்து டன் லாரி மூன்று, தினமும். அதே 1 மெகாவாட் சூரிய மின்சாரம் நாளுக்கு 4,000 யூனிட்தான் தரும், இரவில் ஒன்றுமில்லை. அதனால் விறகு மின்சாரத்தை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை.

ஆனால் புதுவயல் தம்பி, அடியை விட்டு வெட்டினால் கருவேலம் தூரிலிருந்து மறுபடி கிளைக்கும். ஆலைக்காரருக்கு அதுதான் வேண்டும். வேரோடு போக வேண்டுமென்பது நம் கண்மாய்க்கு. மரம் தீர்ந்தால் ஆலை நிற்கும், ஆலை ஓட மரம் நிற்க வேண்டும். நீராவி ஆலைக்குத் தண்ணீரும் வேண்டும், அதை எந்தக் கண்மாயில் எடுப்பது? கண்மாய்க்குள்ளும், அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலிலும் இருப்பதைத் தூரோடு பிடுங்கட்டும், அந்த விறகு கரிமூட்டத்துக்குப் போகட்டும். தரிசில் நிற்பதைக் கரி போடுபவர் முறை வைத்து வெட்டட்டும். இதற்கென்று புது ஆலை கூடாது என்பது என் முடிவு.

புதுவயல்: வரத்துக்காலை யார் சுத்தம் செய்கிறார்கள் அண்ணே? ஆலை வந்தாலாவது நடக்கும்.

ஆலை ரோட்டோரத்து மரத்தைத்தான் முதலில் எடுக்கும். லாரி போகாத வரத்துக்கால் அப்படியே கிடக்கும்.

திருப்பத்தூர்: இலவச கரண்ட் இருக்க, சோலார் பம்பு எதற்கு?

இணைப்பு இருந்தால் வேண்டாம். இணைப்புக்குக் காத்திருந்தால் போடுங்கள். கிணற்று ஆழத்தை அளந்து பம்பு தேர்ந்தெடுங்கள். பேட்டரி வேண்டாம், தொட்டி கட்டித் தண்ணீரைச் சேருங்கள்.

கண்டனூர்: 3 கிலோவாட்டா, 5 கிலோவாட்டா?

ஆறு பில்.

கானாடுகாத்தான் ஆச்சி: கோடு போட்டுப் பார்த்தேன். 3 மணிக்கு வேப்பமர நிழல் மேற்குப் பாதியை மூடுகிறது. மகன் மரத்தை வெட்டலாம் என்கிறான்.

வெட்ட வேண்டாம் ஆச்சி. அந்த நிழல்தான் சித்திரையில் பின்கட்டைக் காக்கிறது. கிழக்குப் பாதியில் 200 சதுர அடி தேறினால் 2 கிலோவாட் உட்காரும். மார்கழியில் வெயில் தெற்கே சாயும், நிழல் வடக்கே நீளும். அப்போது இன்னொரு முறை கோடு போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.