‘மை ஃபாதர் கோ’: எஸ் எங்கே?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் ‘மை ஃபாதர் கோ’ என்கிறாள், ‘மை பிரதர்ஸ் கோஸ்’ என்றும் எழுதுகிறாள். நோட்டெல்லாம் சிவப்பு வட்டம். பன்னிரண்டு டென்ஸையும் படித்தால்தான் சரியாகும், மொத்தப் பணத்தையும் கட்டுங்கள் என்கிறார்கள் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில். சேர்க்கட்டுமா?”

வேண்டாம்மா. மகளுக்குச் சிக்கல் ஒரே டென்ஸில், அதிலும் ஒரே எழுத்தில்.

போகிறேன், போகிறாய், போகிறாள், போகிறது என்று தமிழில் ஆளுக்கு ஆள் வினை மாறும். வழக்கமாக நடப்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது அவ்வளவு மாற்றம் கிடையாது. ஐ, யூ, வி, தே நான்குக்கும் ‘கோ’தான். ஹி, ஷி, இட் வந்தால் மட்டும் ‘கோஸ்’. பெயர் சொன்னாலும் அப்படித்தான், அது ஒற்றை ஆளா, ஒற்றைப் பொருளா என்று பார்த்தால் போதும்.

‘பிரதர்ஸ் கோஸ்’ எங்கிருந்து வருகிறது? எஸ் போட்டால் பன்மை என்று சின்ன வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அது பெயர்ச்சொல்லுக்கு. வினையில் நேர்மாறு. வண்ணார்பேட்டையில் ஒரு பஸ் நின்றால் ‘தி பஸ் ஸ்டாப்ஸ்’, பல பஸ் நின்றால் ‘தி பஸஸ் ஸ்டாப்’. இதைப் பிள்ளையை நாலு தரம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

‘மை ஃபாதர் கோ’ வேறு கதை. நம்ம ஊரில் “அப்பா வயலுக்குப் போறாவ” என்போம். அண்ணன்மார் நாலு பேர் போனாலும் “போறாவ”தான். மரியாதைக்கும் பன்மைக்கும் நமக்கு ஒரே முடிவு. பிள்ளை மனசில் அப்பா பன்மையாக உட்கார்ந்திருக்கிறார், அதனால் எஸ் விட்டுப்போகிறது. ஆங்கில வினைக்கு மரியாதை தெரியாது. கலெக்டரோ, ஹெட்மாஸ்டரோ, நெல்லையப்பரே ஆனாலும் ஒருத்தர் என்றால் எஸ் உண்டு.

இதே இடத்தில் இன்னொரு வில்லங்கம், ‘எவ்ரிபடி’. “எல்லாரும் வாராவ” என்று நினைத்துக்கொண்டு ‘எவ்ரிபடி கம்’ என்று பட்டதாரிகளே எழுதுகிறார்கள். ‘எவ்ரிபடி கம்ஸ்’ என்பதுதான் சரி. ஊரே திரண்டு வந்தாலும் ஆங்கிலம் அதை ஒவ்வொருத்தராகத்தான் எண்ணும். எவ்ரிஒன், நோபடி, சம்படி எல்லாவற்றுக்கும் எஸ் போடுங்கள். ‘ஆல் ஆஃப் தெம்’ என்றால் மட்டும் ‘கம்’. பரீட்சையில் பிள்ளைகளை விழத்தட்டுவதற்கென்றே இதைக் கேட்பார்கள், பாடத்திலோ ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள்.

இல்லை என்று சொல்லும்போதும் கேள்வி கேட்கும்போதும் ‘டூ’ அந்த எஸ்ஸை வாங்கி ‘டஸ்’ ஆகிவிடும், அப்புறம் வினைக்கு மிச்சமில்லை. ‘ஷி டஸ் நாட் கோ’ சரி, ‘டஸ் நாட் கோஸ்’ தப்பு. எஸ் வர வேண்டிய இடத்தில் ‘ஹேவ்’ என்பது ‘ஹாஸ்’ ஆகும். இவ்வளவு போதும்.

இதைச் சொல்ல ஒரு பீரியட் போதாதா? பாடத்தில் ‘தேர்ட் பர்சன் சிங்குலர்’ என்று ஒரு கட்டம் போட்டிருக்கும், பிள்ளை அதை மனப்பாடம் செய்து கோடிட்ட இடத்தை நிரப்பி மார்க்கும் வாங்கிவிடும். அப்பாவைப் பற்றிச் சொந்தமாக ஒரு வரி எழுதச் சொன்னால் திணறும். வட்டம் போட்ட டீச்சரையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. செயலியில் விவரம் ஏற்றுவதும் தேர்தல் வேலையும் போக மிச்ச நேரத்தில்தானே பாடம்.

அந்த ஓட்டையில்தான் சென்டர்காரர்கள் நுழைகிறார்கள். பாளையங்கோட்டைக்குத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பேர், அதைச் சொல்லியே சுவரெல்லாம் விளம்பரம். முதல் நாள் இலவச வகுப்பு. ‘மை நேம் இஸ்’ என்று ஆரம்பித்து நாலு வரியைப் பிள்ளை கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கும், பெற்றவர்களுக்குப் பூரிப்பு, அங்கேயே பணம் கைமாறும். மறு வாரம் சொல்லிக்கொடுக்க வேறு ஆள் வருவார். உங்களிடம் அந்த சென்டரைச் சிபாரிசு செய்தது யார்? தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கிக்கொண்டு ஆள் பிடிப்பவர்கள் உண்டு, டியூஷன் எடுப்பவர்களே சிலர் அதைச் செய்கிறார்கள். மாதாமாதம் கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறுவது தெரியும்.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்தீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால் ரசீதை எடுத்துக்கொண்டு, வகுப்பு தொடங்கும் முன்பே போய்த் திருப்பிக் கேளுங்கள். ரசீது தரவில்லை என்றால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.