பட்டாளத்துக்காரன் காதலுக்கு யாரிடம் அனுமதி?

கேள்வி: 40 நிமிடப் படம் ஒன்று எடுக்கப் போகிறேன். லீவில் ஊருக்கு வரும் பட்டாளத்துக்காரனுக்கும் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் அவன் சிநேகிதனுக்கும் காதல், அதுதான் கதை. இப்போதும் ராணுவத்தில் இருக்கும் நண்பன் சொன்னதை வைத்து எழுதியது. 'ராணுவத்திடம் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கு, இல்லாவிட்டால் ஜெயில்' என்கிறார் பணம் போடுகிறவர். சென்சாரில் விடுவார்களா? ஸ்கிரிப்ட் இணைத்துள்ளேன். - வாசகர், மார்த்தாண்டம்

பதில்: தம்பி, ஜெயில் எல்லாம் கிடையாது. ஆனால் அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ராணுவக் கதை என்றால் முன்கூட்டியே என்ஓசி வாங்கச் சொல்லும்படி 2020 ஜூலையில் பாதுகாப்பு அமைச்சகம் சென்சார் போர்டுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. ஓனிர் என்ற இந்தி இயக்குநர் அதன்படி ஸ்கிரிப்டைக் கொடுத்தார். காஷ்மீரில் இருக்கும் ராணுவ வீரருக்கும் உள்ளூர் இளைஞருக்கும் காதல் என்ற கதை அது. 2022 ஜனவரியில் மறுத்துவிட்டார்கள். ராணுவத்தை மோசமாகக் காட்டுகிறது, பாதுகாப்புப் பிரச்சினை வரும் என்று அடுத்த மாதம் நாடாளுமன்றத்திலேயே காரணம் சொன்னார்கள்.

கடிதம் வேறு, சட்டம் வேறு. 1952 சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் 5பி பிரிவில் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, கண்ணியம், அவதூறு என்று மறுப்புக்கான காரணங்கள் இருக்கின்றன. 'ராணுவத்துக்குப் பிடிக்கவில்லை' என்பது அதில் இல்லை. 1989-ல் 'ஒரே ஒரு கிராமத்திலே' வழக்கில், வெடிமருந்தில் விழுந்த பொறி போல ஆபத்து நேரடியாக இருந்தால்தான் கருத்தைத் தடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. திண்ணையில் இரண்டு பேர் கட்டன்சாயா குடிப்பதில் என்ன பொறி? ராணுவ முகாம், வண்டி, துப்பாக்கி வேண்டுமென்றால் அவர்களிடம் போய்த்தான் ஆகவேண்டும். உங்கள் கதை முழுக்க வீட்டிலும் தோட்டத்திலும்தானே நடக்கிறது.

யூடியூபில் போட சென்சார் சான்றிதழ் தேவையில்லை. தியேட்டரில் பொதுமக்களுக்குக் காட்டத்தான் அது வேண்டும். 'ஏ' கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம். மறுத்தால் முதலில் மறுஆய்வுக் குழு, அப்புறம் உயர் நீதிமன்றம். நடுவில் இருந்த தீர்ப்பாயத்தை 2021-ல் எடுத்துவிட்டார்கள். உத்தரவு வந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யவேண்டும்.

உடுப்பு விஷயம்: ராணுவத்தான் என்று நம்பவைக்கும் நோக்கத்தோடு அணிந்தால்தான் குற்றம். நடிப்புக்கு அது பொருந்தாது. ஆனாலும் பிரேக்கில் அதே உடுப்போடு உங்கள் நடிகர் சந்தைக்கு மீன் வாங்கப் போகவேண்டாம். உள்ளூர் ஸ்டேஷனில் ஒரு கடிதம் கொடுத்துவையுங்கள்.

எனக்குக் கவலை உங்களைப் பற்றி இல்லை, நண்பரைப் பற்றித்தான். ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவு விஷயத்தில், மனமொத்த பெரியவர்களுக்கு அது குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6-ல் வந்த தீர்ப்பு உங்களுக்கும் எனக்கும் போதும். அவருக்குப் போதாது. ராணுவச் சட்டத்தின் 46-வது பிரிவு, 'இயற்கைக்கு மாறான' இழிநடத்தை என்று சொல்லி 7 ஆண்டு வரை தண்டிக்க இடம் கொடுக்கிறது. படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க இடம் தரும் அரசியலமைப்பின் 33-வது பிரிவு அதற்குத் துணை. இது போதாதென்று, பணி சம்பந்தமான விஷயத்தை அனுமதியில்லாமல் வெளியிடக்கூடாது என்று ராணுவ விதி 21 வேறு. கதாபாத்திரத்தை யாரும் கோர்ட் மார்ஷல் செய்யமுடியாது. சொன்னவரைச் செய்யலாம்.

அதனால் டைட்டிலில் 'கதை உதவி', 'நன்றி' என்று அவர் பெயர் எங்கும் வரக்கூடாது. மற்ற வழக்குகளில் சம்மதக் கடிதம் வாங்கு என்பேன். இங்கே அந்தக் காகிதமே அவருக்கு எதிரான சாட்சி. அவருடைய சம்மதம் தேவைப்படாத அளவுக்குக் கதையை மாற்றுங்கள்: ரெஜிமென்ட், ஊர், லீவு மாதம், அக்கா கல்யாணம் எல்லாவற்றையும்.

மூன்றாவது சீனில் கட்டிலுக்கடியில் கறுப்பு டிரங்குப் பெட்டி, மேலே வெள்ளைப் பெயின்ட்டில் ராணுவ நம்பர் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்பரையும் முழுசாகவே போட்டிருக்கிறீர்கள். யாருடைய நம்பர் அது? நான் நினைப்பது சரியென்றால், உடனே அழித்துவிட்டு அடுத்த வரைவை அனுப்புங்கள். பணம் போடுகிறவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.