கல்லூரிக் கட்டணத்துக்காக மனையை விற்கும் முன்

அன்புள்ள ஐயா,

மகளின் பொறியியல் படிப்புக்காக மனையை விற்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பாடப்பிரிவு என்ற கேள்வியை அடுத்த முறை நேரில் பேசலாம். முன்பணம் வாங்கிவிட்டால் பின்வாங்குவது கடினம் என்பதால் விற்பனையைப் பற்றி முதலில் பேசிவிடுவோம்.

நீங்கள் அனுப்பிய கிரயப் பத்திர நகலைப் பார்த்தேன். 2010இல் 4 லட்சத்துக்கு வாங்கிய மனை. இன்று 24 லட்சத்துக்குப் போகும் என்கிறார் தரகர். இடையிலுள்ள 20 லட்சம்தான் மூலதன ஆதாயம். இத்தனை ஆண்டுகளும் விலை ஏறிக்கொண்டேதான் இருந்தது, ஆனால் வரி இல்லை. விற்கும்போதுதான் வரி வருகிறது. 2 ஆண்டுகளுக்கு மேல் கையில் இருந்ததால் இது நீண்டகால ஆதாயம். வரி 12.5 சதவீதம், அதாவது 2.5 லட்சம், வரியின் மேல் விதிக்கப்படும் கூடுதல் வரியான செஸ்ஸையும் சேர்த்தால் 2.6 லட்சம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியது என்பதால், வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கேற்ப உயர்த்திக்கொண்டு 20 சதவீதம் கணக்கிடும் பழைய முறையையும் போட்டுப் பார்த்தேன். உங்கள் மனைக்கு அதில் வரி கூடத்தான் செய்கிறது. அன்று கட்டிய முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், இப்போது கொடுக்கும் தரகு ஆகியவற்றை ஆதாயத்தில் கழிக்கலாம். ரசீதுகளைத் தேடி எடுத்து வையுங்கள்.

"படிப்புக்குத்தானே செலவழிக்கிறேன், விலக்கு கிடைக்காதா?" என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்காது. அந்தப் பணத்தில் வீடு வாங்கினாலோ, அரசு குறிப்பிட்ட பத்திரங்களில் முதலீடு செய்தாலோ சலுகை உண்டு. கல்லூரிக் கட்டணத்துக்கு இல்லை. எத்தனையோ பெற்றோர் இது தெரியாமல் விற்றுவிட்டு, வரி கட்டும் நேரத்தில் கையில் பணமில்லாமல் தவிப்பதைப் பார்க்கையில் மனம் பதறுகிறது.

கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் சொன்ன மியூச்சுவல் ஃபண்டுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. பங்குகளில் போட்ட ஃபண்டு, ஓராண்டைத் தாண்டிவிட்டது, ஆதாயம் ஏறக்குறைய 4 லட்சம். இவ்வகை ஆதாயத்தில் ஒவ்வொரு நிதியாண்டிலும் 1.25 லட்சம் வரை வரி கிடையாது. மொத்தமாக விற்றால் 2.75 லட்சத்துக்கு வரி கட்ட வேண்டும். படிப்பு நடக்கும் 4 ஆண்டுகளிலும் கட்டணத் தேதிக்கேற்பச் சிறிது சிறிதாக விற்றால் பெரும்பாலும் வரியே வராது. மனையை இப்படித் துண்டு துண்டாக விற்க முடியுமா?

மீதிக்குக் கல்விக் கடன் பாருங்கள். கல்விக் கடனுக்கான அரசின் வித்யா லட்சுமி இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். படிப்பு முடிந்த பிறகுதான் தவணை தொடங்கும்.

தரகரிடம் ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள். அடுத்த முறை மகளையும் அழைத்து வாருங்கள். கல்லூரியின் கட்டண விவரத் தாளை அவளே எடுத்து வரட்டும்.