நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். அப்படியும் ஏன் இந்தப் பழுப்புச் சளி?

சிங்கப்பூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "200 லிட்டர் பவளத் தொட்டி வைத்து மூன்று மாதம் ஆகிறது. உலர்ந்த பாறை, புது மணல். ஆரம்பத்தில் மணல் மேல் பழுப்புத் தூள் படிந்தது, தானாகவே போய்விட்டது. இப்போது மறுபடியும் பழுப்பு, ஆனால் சளி மாதிரி நூல் நூலாகத் தொங்குகிறது. கடையில் சொன்னபடி பாஸ்பேட் உறிஞ்சி போட்டேன், வாரம் இரண்டு முறை தண்ணீர் மாற்றுகிறேன். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டுமே பூஜ்யம். பாசி குறையவில்லை, நத்தைகள்தான் சாகின்றன."

முதல் வேலையாக அந்த பாஸ்பேட் உறிஞ்சியை வெளியே எடுங்கள். தண்ணீர் மாற்றுவதையும் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். பாசி வந்தால் சத்தைக் குறை என்பது பச்சைப் பாசிக்குச் சரி. உங்களிடம் இருப்பது அநேகமாக டைனோ, அதாவது டைனோஃப்ளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் உயிரி. போட்டிக்கு வரும் பாசியும் பாக்டீரியாவும் பட்டினி கிடக்கும் தொட்டியில்தான் இது கொழிக்கும்.

புதுத் தொட்டியில் குழப்புவது நிறம்தான். முதலில் வந்து போனது டயட்டம் என்ற ஒற்றைச் செல் பாசி. சிலிகேட்டைத் தின்று வளர்வது, அது தீர்ந்ததும் தானே அடங்கும், அதற்கு எந்த மருந்தும் தேவையில்லை. அடர் சிவப்பிலோ ஊதா கலந்தோ போர்வை போலப் படர்ந்து, குழாயால் உறிஞ்சினால் ஏடு ஏடாக உரிந்து வந்தால் அது சயனோ, அதாவது சயனோபாக்டீரியா. பாசியே அல்ல, பாக்டீரியா. டைனோ சளியாக இருக்கும், நுனியில் காற்றுக் குமிழ்கள் மாட்டிக்கொண்டிருக்கும். மாலையில் தடிமனாகத் தெரிந்தது, விடிகாலை விளக்குப் போடும் முன் பார்த்தால் பாதி காணாமல் போயிருக்கும். அதை நம்பி ஏமாற வேண்டாம், மதியத்துக்குள் திரும்பிவிடும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். கொஞ்சம் சளியைப் பிப்பெட்டில் எடுத்து, தொட்டித் தண்ணீரோடு ஒரு பாட்டிலில் போட்டு, கட்டியே இல்லாதபடி நன்றாகக் குலுக்குங்கள். காபி ஃபில்டர் தாளில் வடிகட்டி, வடிந்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் விளக்கடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி நூலாகவோ கட்டியாகவோ சேர்ந்தால் டைனோதான். 400 மடங்கு காட்டும் மலிவான மைக்ராஸ்கோப் கிடைத்தால் இன்னும் நல்லது. நீர்த்துளி வடிவில், ஒரே இடத்தில் கட்டிப்போட்டது போலச் சுற்றிக்கொண்டிருந்தால் ஆஸ்ட்ரியாப்சிஸ். நீள்வட்டமாக அங்குமிங்கும் நீந்தினால், பெரும்பாலும் மணலோடு ஒட்டியே இருந்தால், ஆம்ஃபிடினியம். எந்த வகை என்பதைப் பொறுத்தே வைத்தியம் மாறும் என்பதால் இந்தச் சிரமம் வீண்போகாது.

நத்தைகள் சாவதைப் பார்த்தால் எனக்கு ஆஸ்ட்ரியாப்சிஸ் மேல்தான் சந்தேகம். அதில் நச்சு உண்டு. 2005இல் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் இந்த இனம் பெருகியபோது, சுமார் 200 பேர் காய்ச்சல், மூச்சுத் தொல்லை என்று சிகிச்சைக்குப் போனார்கள். கையுறை போடுங்கள், சளியை எடுக்கும்போது குழாயை வாயால் உறிஞ்சவே கூடாது.

இனி வைத்தியம். மீனுக்குத் தீனியைக் கூட்டுங்கள். அது போதாவிட்டால் கடையில் கிடைக்கும் நைட்ரேட், பாஸ்பேட் கரைசலை விடுங்கள். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.05 முதல் 0.1 பிபிஎம், இதுதான் இலக்கு. காலையில் விட்ட பாஸ்பேட் மறுநாள் பூஜ்யம் காட்டினால் பயப்படாதீர்கள், உலர்ந்த பாறை அதைக் குடித்துக்கொண்டிருக்கிறது. தினமும் அளந்து, நிலைக்கும் வரை தொடருங்கள்.

ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் தண்ணீரில் மிதக்க வரும், அங்கேதான் அதைப் பிடிக்க வேண்டும். 200 லிட்டருக்கு 18 வாட்டுக்குக் குறையாத யூவி விளக்கை, சம்ப்பில் (வடிகட்டும் கருவிகள் இருக்கும் துணைத் தொட்டியில்) அல்லாமல் பெரிய தொட்டியிலிருந்தே நேராக நீர் எடுத்து, மெதுவாக ஓடும்படி மாட்டுங்கள். கூடவே மூன்று நாள் தொட்டி விளக்கை அணைத்து வைத்தால் வேகம் கூடும், பவளம் அதைத் தாங்கும். ஆம்ஃபிடினியம் என்றால் யூவிக்குச் செலவழிப்பது வீண், அது மணலை விட்டு அதிகம் கிளம்பாது. அதற்கு சிலிகேட் விட்டு வேண்டுமென்றே டயட்டத்தை வளர்த்துப் போட்டிக்கு விடுகிறார்கள். கேட்கக் கோணலாக இருக்கும், ஆனால் பலருக்குப் பலித்திருக்கிறது. இரண்டு வகைக்குமே, நோயில்லாத பழைய தொட்டியிலிருந்து நண்பர் யாராவது ஒரு கைப்பிடி மணலோ சின்னப் பாறைத் துண்டோ கொடுத்தால் வாங்கிப் போடுங்கள். உலர்ந்த பாறையில் தொடங்கிய தொட்டிக்கு இல்லாத உயிர்க்கூட்டம் அதில் இருக்கிறது.

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் குளோராமின் இருக்கிறது, அதற்கு நல்ல கார்பன் ஃபில்டர் வேண்டும். டி.ஐ. ரெசின், அதாவது தண்ணீரில் மிச்சமிருக்கும் உப்புகளைப் பிடிக்கும் ஃபில்டர் மணிகள், சோர்வடையும்போது முதலில் நழுவி வருவது சிலிகா; கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும்போதே வந்துவிடும். டயட்டம் திரும்பத் திரும்ப வந்தால் ரெசினை மாற்றிப் பாருங்கள்.

சத்து ஏறியதும் பாறையில் பச்சை முடிப் பாசி தலைகாட்டலாம். அது நல்ல சகுனம், பதறிப்போய் மறுபடி உறிஞ்சியைப் போட்டுவிடாதீர்கள். நீளமாக வளர்ந்ததைக் கையால் பிடுங்கி, விளக்கை நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள். பாசி மேயும் புது டர்போ, ட்ரோகஸ் வகை நத்தைகளை அப்போது வாங்கலாம். இப்போது வாங்கிவிட்டால் அவையும் சாகும்.